கேபிள் ஒயரில் தொங்கிய கூடு

பீர் முகம்மதுவை அவர் மனைவி ‘பாய்’ என்று கூப்பிடத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முன்னால், கல்யாணமான நாளிலிருந்து, அவர் மெஹ்ருன்னிசாவுக்கு ‘என்னங்க’தான். இப்போது காலையில் அறையை விட்டு வெளியே வருவாள். வராண்டாவில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள்.

“வாங்க பாய். அவரு பஸ் எடுத்துக்கினு லைனுக்குப் போயிருக்காரு. ராத்திரிதான் வருவாரு. உக்காருங்க, டீ போடறேன்” என்பாள்.

டீ போட அவளால் முடியாது. கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிடுவாள் என்பதால் சிலிண்டரின் வால்வை அவர் எப்போதும் மூடியே வைத்திருந்தார். சமையலறைக்குள் போய் அங்கே நின்றுகொண்டிருப்பாள். எதற்கு வந்தோம் என்று தெரியாது. அவர் போய்த் தோளைத் தொட்டால் திடுக்கிடுவாள். ஆகவே தொடாமல், வாசற்படியில் நின்றே, “பரவால்லம்மா, நானே போட்டுக்கறேன்” என்பார்.

ஆரம்பத்தில் அவர் விடவில்லை. நான்தான் உன் புருஷன் என்று சண்டை போட்டிருக்கிறார். கல்யாண போட்டோவை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவள் அதை வாங்கிப் பார்த்து, “இது நான். இது எங்க வீட்டுக்காரரு. அப்ப எப்பிடி இருந்தாரு பாத்தீங்களா?” என்று பெருமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். போட்டோவில் இருந்தவனுக்குச் சுருட்டை முடியும் பென்சில் மீசையும் இருந்தன. எதிரே நின்றவருக்கு வழுக்கையும் வெள்ளைத் தாடியும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

வேலூரில் பார்த்த டாக்டர் நல்ல மனிதர். சுற்றிவளைக்காமல் சொன்னார்: “மூளை கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிட்டு வருதுங்க. மாத்திரை அந்த வேகத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணும். போனதைத் திருப்பித் தராது.”

பீர் முகம்மது தன் உழைப்புக் காலம் முழுவதும் திருவண்ணாமலைக்கும் பெங்களூருக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டியவர். விடியும் முன்பே வண்டியை எடுத்தால் செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி தாண்டி பெங்களூர் போய்த் திரும்பி வீடு வர, தெரு அடங்கிவிடும். மகள் ரூபீனா பிறந்தபோது அவர் ஓசூரில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் அவர்கள் இடம் வாங்கியபோது சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லைகள், வேர்க்கடலை விளைகிற நிலங்கள். வீடு கட்டும் வேலையை மேஸ்திரியோடு நின்று கவனித்தவள் மெஹ்ருன்னிசாதான். பிறகு ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பெருகி, கொல்லைகள் எல்லாம் கெஸ்ட் ஹவுஸாகவும் காபி கடைகளாகவும் ஆன பின், மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டதும் அவள் யோசனை. அவர் வேலையை விட்டதும் இருவரும் நாகூருக்கும் அஜ்மீருக்கும் போக வேண்டும் என்று எண்ணி வைத்திருந்தாள். அவர் கண் புரையால் வேலையை விட்டார். அந்த வருடமே அவள் டீயில் உப்புப் போட்டாள். முதலில் இருவரும் சிரித்தார்கள்.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கிய நாட்களில், அவருடைய மொபெட்டில் ஒரு குருவி தொல்லை கொடுக்கத் தொடங்கியது. நடுவிரல் நீளம்தான் இருக்கும். முதுகு பழுத்த நாவல்பழத் தோல் போல, வயிறு மஞ்சள், தொண்டையில் வெயில் பட்டால் ஊதா மின்னும். வளைந்த மெல்லிய அலகு. வண்டியின் கண்ணாடியில் தன்னையே பார்த்து, வேறு எவனோ தன் இடத்துக்கு வந்துவிட்டான் என்று கொத்துகொத்தென்று கொத்தும். ஆண் தேன்சிட்டு. அவர் கண்ணாடியில் பழைய சாக்ஸை மாட்டிவைத்தார். அது எதிர்வீட்டு ஸ்கூட்டருக்குப் போயிற்று.

அது யாருக்காகச் சண்டை போட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. பெண் சிட்டு வராண்டாவுக்கு வெளியே கூடு கட்டிக்கொண்டிருந்தது. எப்போதோ கேபிள் டிவி இணைப்பைத் துண்டித்தபோது விட்டுப்போன ஒயர் ஒன்று கிரில்லுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில்தான். முதலில் ஒட்டடை. அது வேண்டிய மட்டும் அவர் வீட்டு மூலைகளிலேயே இருந்தது. வீட்டைத் தட்டிப் பெருக்கி வெகுநாளாகியிருந்தது. ஒட்டடையின் மேல் காய்ந்த இலைத் துணுக்கு, மரப்பட்டை நார், புழுவின் எச்சம், பேப்பர் கிழிசல். நீளமாக, பை மாதிரி, பார்க்கக் காற்றில் சிக்கிய குப்பை போலவே இருந்தது. நடுவில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு மேலே மழைத்தண்ணீர் இறங்காமல் சின்னக் கூரை நீட்டல். உள்ளே மெத்தைக்கு, மெஹ்ருன்னிசாவின் தலையணைக் கிழிசலிலிருந்து இலவம்பஞ்சை இழுத்துக்கொண்டு போனது. கட்டியது முழுக்கப் பெண்தான். ஆண் பக்கத்து முருங்கைக் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது.

முதலில் கவனித்தவள் மெஹ்ருன்னிசா. பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு அது ஒயரில் தலைகீழாகத் தொங்கியதைப் பார்த்து, குழந்தை போலக் கையைத் தட்டினாள்.

“பாய், இங்க வந்து பாருங்க! தேன்சிட்டு. வீடு கட்டிக்கினு இருக்குது.”

மறுநாள் காலை அவளுக்கு அது புதிது. அதற்கடுத்த நாளும் புதிது. தினமும் அதே குரலில் கூப்பிட்டாள். தினமும் அவர் அப்போதுதான் பார்ப்பது போல எழுந்து போய்ப் பார்த்தார். அவர்களுக்குள் பேச வேறு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. இது ஒன்றாவது இருக்கிறதே என்று நினைத்தார்.

பிறகு ஒரு நாள் அவள் வெளியே வந்து, கூட்டைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்: “நேத்து மூக்கு மட்டும் தெரிஞ்சிது. இன்னிக்கு நெத்தியும் தெரியுது. முட்டை மேல உக்காந்துட்டா போல.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நேத்தா?”

“ஆமா. நேத்து உள்ள போயி திரும்பி உக்காந்தாளே.”

அவள் வாயிலிருந்து ‘நேத்து’ என்ற சொல்லைக் கேட்டு எத்தனை காலமாகியிருந்தது. அவள் நினைவில் ரூபீனா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். போளூரில் அவள் அப்பா உயிரோடு இருந்தார். ஆனால் நேற்று என்பது மட்டும் இல்லை. பீர் முகம்மது எழுந்தார். சந்துக்குள் போய், அவள் காதில் விழாதபடி, வாணியம்பாடியில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தார்.

“அம்மாவுக்கு ஞாபகம் வருது ரூபீனா. நேத்து பாத்ததைச் சொல்றா.”

“அத்தா, டாக்டர் என்னா சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“டாக்டர் இந்தக் குருவியப் பாக்கலயே.”

“நீங்க ஜாஸ்தி ஆசைப்பட்டுடாதீங்க அத்தா.”

அவர் ஆசைப்பட்டார். மறுநாளிலிருந்து தினமும் அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, கூட்டுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கூடு அவள் நினைவில் தங்குகிறது என்றால், கூட்டுக்குக் கீழே இருக்கும் மனிதனும் அதோடு சேர்ந்து தங்கலாம் அல்லவா? நீலச் சட்டையை மாலையில் அலசிக் காயப்போட்டு, காலையில் மறுபடியும் அதையே போட்டார். எதிர்வீட்டுச் சந்திரகலா, “என்னா பாய், யூனிபாரமா?” என்று கேட்டாள். அவர் சிரித்து மழுப்பினார். சந்திரகலா கணவனை இழந்தவள், கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் சமையல் செய்பவள். மெஹ்ருன்னிசாவைக் குளிப்பாட்ட அவள்தான் வருவாள். அவர் கை பட மெஹ்ருன்னிசா விடமாட்டாள்.

அந்த நாட்களில் அவள் நிறையப் பேசினாள். அவர் கூட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

“எங்க வீட்டுக்காரரு நல்லவரு பாய். குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. ஆனா வீட்டுல இருக்க மாட்டாரு. சோறு எடுத்து வெச்சுட்டு உக்காந்திருப்பேன். ஹாரன் சத்தம் கேட்டா அவரு வண்டியா, வேற வண்டியான்னு சொல்லிடுவேன். அவரு வந்து சாப்ட்டுட்டு, ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள தூங்கிடுவாரு.”

“பாவம், அசதியா இருந்திருக்கும்.”

“இருக்கும். எனக்கும் அசதிதான்.”

மூன்றாம் மனிதராக இருந்து ஆறுதல் சொல்வதா, புருஷனாக இருந்து பதில் சொல்வதா என்று தெரியாமல், “குஞ்சு பொரிச்சிடுச்சு போல, சத்தம் கேக்குது” என்றார்.

பொரித்துத்தான் இருந்தது. மேல் அறையில் தங்கியிருந்த லூசியா என்ற பெண் தன் போனை நீட்டிப் படம் எடுத்துக் காட்டினாள்: இரண்டு குஞ்சுகள், கண் திறக்கவில்லை, வாய் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பிளந்திருந்தது. லூசியா எக்வடார் நாட்டுக்காரி, மாதக்கணக்கில் தங்குபவள். தேன்சிட்டைப் பார்த்த நாளிலிருந்து ‘ஹம்மிங்பேர்ட், ஹம்மிங்பேர்ட்’ என்று துள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு அவளே இது அது இல்லை என்றாள். அவள் ஊர்ப் பறவை இதைவிடச் சின்னது, ஒரு பெரிய வண்டு அளவுதான். இறக்கையை அடித்துக்கொண்டே காற்றில் ஒரே இடத்தில் நிற்கும், பின்னாலும் பறக்கும். ஒரு நாளைக்குத் தன் எடையைவிட ஜாஸ்தியாகத் தேன் குடித்தால்தான் உயிரோடு இருக்கும். ராத்திரியில் குளிரானால் விளக்கை அணைப்பது போல உடம்பை அணைத்துவைத்துச் செத்தது போல் தொங்கும். அதுவும் ஒட்டடையில்தான் கூடு கட்டும். ஆண் கூட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காது. பஸ்ஸில் வெளிநாட்டுப் பயணிகளிடம் கற்ற இங்கிலீஷை வைத்து பீர் முகம்மது இதையெல்லாம் மனைவிக்குச் சொன்னார்.

மெஹ்ருன்னிசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த ஆணும் லைனுக்குப் போயிடுமா?” என்றாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். லூசியா புரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

இங்கே ஆண் அப்படியில்லை. குஞ்சு பொரித்ததும் அதுவும் அலகில் சிலந்தியையும் பூச்சியையும் கவ்விக்கொண்டு வந்தது. குஞ்சுக்குத் தேன் மட்டும் போதாது, சதை வேண்டும். அம்மா ஊட்டிவிட்டு, குஞ்சு கழித்ததை வெள்ளை மாத்திரை போல அலகில் எடுத்துக்கொண்டு தூரப் போய்ப் போட்டது. மெஹ்ருன்னிசாவுக்கு அது ரொம்பப் பிடித்தது. “கால் கழுவி உடறா பாருங்க” என்பாள். ஆனால் மத்தியானத்தில் கவலைப்படுவாள். “பெத்தவ எதுவும் சாப்பிடலயே. வரா, போறா, வரா, போறா. பால் எங்கேருந்து ஊறும்?” குருவிக்குப் பால் இல்லை என்று அவர் சொன்னால் ஏற்கமாட்டாள். முகம் வாடும். தட்டில் வைத்த சோற்றைத் தொடாமல் கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

லூசியா கிளம்பும்போது சிவப்பு பிளாஸ்டிக் பூ வைத்த ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் ஊரில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தோட்டத்தில் தொங்கவிடுவார்களாம். பீர் முகம்மது அளவாகச் சர்க்கரை கலந்து ஊற்றினார். எங்கே கட்டுவது என்று யோசித்தார். செம்பருத்திச் செடியில் கட்டினால் அவள் உட்காரும் இடத்திலிருந்து தெரியாது. ஆகவே கூடு தொங்கிய அதே ஒயரில், ஒரு முழம் தள்ளிக் கட்டினார்.

பெண் சிட்டு ஒரு பொழுது தயங்கியது. பிறகு வந்து பிளாஸ்டிக் பூவின் மேல் தொற்றிக்கொண்டு அலகை உள்ளே விட்டது. மெஹ்ருன்னிசா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அன்று அவள் சோறு முழுவதையும் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் அது நடந்தது. அவர் வழக்கம்போல நாற்காலியில் இருந்தார். அவள் உள்ளேயிருந்து வந்தாள். தலையில் முந்தானை போடவில்லை. அவரைப் பார்த்தாள். கூட்டைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

“என்னங்க, இன்னிக்கு டூட்டிக்குப் போகலயா?”

அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கலைந்துவிடும் என்று பயம். “போகல” என்றார்.

“நல்லதாப் போச்சு” என்று சொல்லி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் முட்டி மேல் கையை வைத்தாள். இருவரும் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தில் ஐஸ்காரன் போனான். மோட்டார் ஓடி மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. அவர் அதை நிறுத்தப் போகவில்லை. அவள் அப்படியே அவர் முட்டியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுந்தபோது திடுக்கிட்டு விலகி, முந்தானையைத் தேடி இழுத்து, “மன்னிச்சிடுங்க பாய், கண்ணு அசந்துட்டேன் போல” என்றாள்.

ஆனாலும் அது நடந்தது. ஒரு தடவை நடந்தது மறுபடி நடக்கும். அவர் அன்று சாயங்காலம் குப்பியில் சர்க்கரையைக் கொஞ்சம் கூடவே போட்டார்.

குப்பியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. அது சொட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. புரை எடுத்த பிறகும் அவருக்கு அவ்வளவு துல்லியமாகக் கண் தெரியாது. ஒரு காலையில், தொழுதுவிட்டு வந்து நாற்காலியைப் போடும்போது, பெண் சிட்டு கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்திக்கொண்டிருந்தது. உள்ளே போகவில்லை. வாசலுக்கு வரும், விலகும். ஆணும் கத்தியது. அவர் கிட்டப் போய் அண்ணாந்து பார்த்தார். ஒயர் சிவப்பாக இருந்தது. கிரில்லிலிருந்து குப்பி வரைக்கும், குப்பியிலிருந்து கூடு வரைக்கும், ஒரே கோடாக எறும்பு.

சந்திரகலா வீட்டு ஏணியை வாங்கிப் போட்டு ஏறினார். குஞ்சுகளுக்கு இறக்கையில் குழல் குழலாக முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. கண் இருந்த இடத்தில் எறும்புதான் இருந்தது. ஒன்றில் இன்னும் கொஞ்சம் அசைவு இருப்பது போலத் தெரிந்து உள்ளங்கையில் எடுத்தார். அசைந்தது எறும்புகள். அவர் கையையும் கடித்தன. உதறாமல் இறங்கினார்.

“கீழ உக்காருங்க பாய்” என்று சந்திரகலா ஏணியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “நீங்க வேணும்னா பண்ணீங்க?”

“நான்தான கட்டினேன்.”

மெஹ்ருன்னிசா எழுந்திருக்கும் முன்பே கூட்டை அறுத்து எடுத்து, குஞ்சுகளோடு செம்பருத்தி அடியில் குழி தோண்டிப் புதைத்தார். குப்பியைக் குப்பை வண்டியில் போட்டார். ஒயரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். பெண் சிட்டு அலகில் ஒரு சின்னச் சிலந்தியோடு வந்தது. ஒயரின் நுனியில் உட்கார்ந்தது. எங்கே ஊட்டுவது என்று தெரியாமல் அதை வெகுநேரம் வைத்துக்கொண்டே இருந்தது.

மெஹ்ருன்னிசா வந்து ஒயரைப் பார்த்தாள்.

“எங்க பாய்?”

“பறந்துடுச்சுங்கம்மா. குஞ்சுங்க பெருசாயி பறந்துடுச்சு.”

“ரெக்கையே முளைக்கலயே. எப்பிடிப் பறக்கும்?”

அவள் அவர் கையைப் பார்த்தாள். எறும்பு கடித்துத் தடித்திருந்தது. அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. கிரில்லைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அன்று முழுக்க அழுதாள். தன் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். ரூபீனாவுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து இறந்திருந்தது. அன்றும் அவர் லைனில் இருந்தார். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. இப்போது அந்தப் பிள்ளைக்கு வைத்திருந்த பெயரைச் சொல்லி அழுதாள்.

மறுநாள் காலை மறுபடியும் வந்து, “எங்க பாய்?” என்றாள். அவர் மறுபடியும் பொய் சொன்னார். அவள் மறுபடியும் அழுதாள். மூன்றாவது நாள் அவர் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். அதற்கும் அழுதாள், அவர் மேல் கோபம் மட்டும் வரவில்லை. யாரோ ஒருவரிடம் என்ன கோபம்?

ரூபீனா போனில், “அம்மாவை அந்தப் பக்கமே விடாதீங்க அத்தா. உள்ள வெச்சுக்குங்க” என்றாள். அவருக்கு மனம் வரவில்லை. அவள் அழுவது அவரால் தாங்க முடியாமல் இருந்தது. ஆனால் அழுகிறாள் என்றால் கூடு அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கூடு இருக்கிற வரைக்கும், அதற்குக் கீழே அந்த மத்தியானமும் இருக்கும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நீலச் சட்டையையும் விடவில்லை.

நாட்கள் போகப்போக அழுகை குறைந்தது. ‘எங்க பாய்’ என்று கேட்பாள், பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் கேட்கவில்லை. அவர் நாள் முழுக்கக் காத்திருந்தார். அடுத்த நாள் அவரே ஆரம்பித்தார்.

“இங்க ஒரு கூடு இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா?”

அவள் ஒயரைப் பார்த்தாள். “இல்லயே.”

“தேன்சிட்டு. நீங்கதான் மொதல்ல பாத்தீங்க. பஞ்சு எடுத்துக்கினு போச்சு. கால் கழுவி உடறான்னு சொன்னீங்களே?”

“நான் எதையும் பாக்கல” என்றாள், தன்மேல் ஏதோ பழி சுமத்துகிறார்கள் என்பது போல.

அதே ஜோடிச் சிட்டுகள் நாலு வீடு தள்ளி ஒரு மல்லிகைக் கொடியில் மறுபடி கட்டத் தொடங்கியிருந்தன. அவற்றுக்குத் துக்கம் அவ்வளவுதான். பெண் சிட்டு செம்பருத்திக்கு வந்தது. பூ பெரிதாக இருந்ததால் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடியது. அவர் அவளை அழைத்துப்போய் விரலை நீட்டிக் காட்டினார். “அதோ பாருங்க, அதோ.” அவள் அவர் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருவி பறந்துபோயிற்று.

கோடை தொடங்கியபோது அவளுக்கு ‘பாய்’ என்ற மனிதரும் மறந்துபோனார். வீட்டுக்காரரின் சிநேகிதர் என்று ஓர் ஆள் வராண்டாவில் உட்காரலாம் என்பது வரைக்கும் இருந்த இடம் போய்விட்டது. ஒரு சாயங்காலம் அவர் மாத்திரை கொடுக்க அறைக்குள் போனதும் அலறினாள். “யாரோ ஆம்பள உள்ள வந்துட்டான்! யாராச்சும் வாங்களேன்!” தண்ணீர்ச் சொம்பை எடுத்து எறிந்தாள். சந்திரகலா ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவர் நெற்றியில் ரத்தத்தோடு சந்துக்குப் போய் நின்றார். பௌர்ணமி நாள். செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலக் கூட்டத்தின் சத்தம் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் அலறல் அடங்கியது. அவர் உள்ளே போனால் மறுபடி தொடங்கும் என்பதால் அங்கேயே நின்றார்.

அதன்பின் தினமும் அப்படித்தான். ரூபீனா வந்தாள். இரண்டு நாள் இருந்து பார்த்தாள். “அம்மாவை நான் இட்டுனு போறேன். நீங்களும் வாங்க அத்தா” என்றாள். அவரும் போனார். அங்கேயும் அவரைக் கண்டால் அவள் ஒடுங்கி மூலையில் உட்கார்ந்துகொண்டாள், சாயங்காலமானால் அலறினாள். மருமகன் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குப் பரீட்சை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகவே பையை எடுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் ரூபீனா, “உங்களைத் தனியா உடறோமே” என்று அழுதாள்.

“நான் இல்லன்னா அவ சாப்புடறா. அதைப் பாரு” என்றார்.

இப்போது அவர் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போகிறார். திருப்பத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார மாட்டார். நடுவில் எங்காவது உட்காருவார். ஜும்ஆ தொழுதுவிட்டு மகள் வீட்டுக்குப் போவார். ரூபீனா கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு: அவரை நேராக உள்ளே விடாமல், வாசலில் நிற்கவைத்து, விருந்தாளி வந்திருக்கிறார் என்று அம்மாவிடம் முதலில் சொல்வாள். அப்போது மெஹ்ருன்னிசா பயப்படுவதில்லை. இளைத்துப்போய், வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, சுவரோடு உட்கார்ந்திருப்பாள். இப்போதெல்லாம் பேச்சும் கம்மி.

போன வெள்ளிக்கிழமை ரூபீனா டீ கொண்டுவந்து வைத்தாள். மெஹ்ருன்னிசா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எந்த ஊரு உங்களுக்கு?”

“திருவண்ணாமலைங்க.”

அவள் யோசித்தாள். முகம் சுருங்கி, எதையோ தேடுவது போல இருந்தது. அவர் டம்ளரைப் பிடித்தபடி காத்திருந்தார்.

“அங்க எங்களுக்கு யாரையும் தெரியாது” என்றாள்.

அவர் தலையாட்டினார். டீயைக் குடித்து முடித்தார். ரூபீனாவிடம் சொல்லிக்கொண்டு, பொழுது சாயும் முன்பே திருப்பத்தூர் பஸ்ஸைப் பிடித்தார்.